தலைமடத்துத் தாம்பூலம்

போன தை மாதம் காரிமங்கலத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவள் என் வயசுக்காரி. சின்ன வயசில் தலைமடத்தில் என்னோடு ஒரே கோரைப்பாயில் படுத்தவள். பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "அங்க மாதிரி ஒத்துமையா உக்காந்து இனிமே யாருடி சாப்புடப் போறாங்க? ஒரே அடுப்பு, ஒரே சோறு. சொர்க்கம்டி அது" என்றாள். என் இலையில் அப்போதுதான் ரசம் விட்டிருந்தார்கள். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

அவளுக்கும், அவளைப்போலப் பேசிக்கொண்டு திரியும் உங்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். அங்கே வளர்ந்தவர்களில் மீதி இருப்பது பத்துப் பேர்கூடத் தேறாது. உங்கள் பேரன் பேத்திகளிடம் அதைச் சொர்க்கம் என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இனிமேல் யாருக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

தலைமடம் என்பது அரூருக்கு மேற்கே ஒரு கரட்டின் அடிவாரத்தில் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் நாலைந்து ஊர்களில் அந்த மடத்துக்காரர்களுக்குப் பஜனைக் கூடங்கள் உண்டு. அவற்றுக்கெல்லாம் தலைமை இடம் என்பதால் அந்தப் பெயர். நடுவில் ஓட்டு வீடு, அதில் மடத்துக் குரு, அவரைத்தான் சாமி என்போம். கிழக்கே ஆண்களுக்கு ஒரு நீளக் கொட்டகை, மேற்கே பெண்களுக்கு ஒன்று. பின்பக்கம் சமையற்கட்டு, அதை ஒட்டி ஒரு படிக்கிணறு. பர்மா அரிசி வராமல் போன யுத்த காலம். எனக்கு அப்போது பத்து வயது.

நாங்கள் இண்டூர்ப் பக்கம் மானாவாரி நிலமும் ஒரு கிணறும் வைத்திருந்த குடும்பம். எனக்குக் கீழே ஒரு தம்பி. மூன்று வயதில் காய்ச்சல் கண்டு, நாலாம் நாள் போய்விட்டான். அதற்குப் பிறகு அப்பா ஏர் பிடிக்கவில்லை. கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொள்வார், கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், மறுபடி போய் உட்கார்ந்துகொள்வார். அந்தச் சமயம் எங்கள் ஊர்ப் பஜனைக்குச் சாமி வந்திருந்தார். அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்குடா அழுவுற? உன் பையன் எங்க மடத்துலதான் வெளையாடிக்கிட்டு இருக்கான். நீ வந்தாப் பார்ப்ப" என்றாராம். அவ்வளவுதான். நிலத்தை மடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மாசி மாதம் எங்களை வண்டியில் ஏற்றிவிட்டார் அப்பா.

அம்மா வண்டியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "போனவன் எப்படிங்க அங்க இருப்பான்?"

"சாமி சொன்னா இருப்பான்" என்றார் அப்பா.

போய்ச் சேர்ந்ததும் வாசலிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். என் காதுக் கம்மல், அம்மாவின் கொலுசு, இரண்டு மூட்டை கேழ்வரகு, அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கனமான பித்தளைச் சொம்பு. 'எனது' என்று ஒன்றும் இருக்கக்கூடாது என்று காரியஸ்தர் சொன்னார். அவர்தான் சாமிக்கு அடுத்தபடி. மெலிந்த, எண்ணெய் வழியும் மனிதர். மறுநாளே அம்மாவின் சொம்பை நான் பார்த்தேன். சாமி வெற்றிலை துப்பும் படிக்கமாக அவர் பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. விளிம்பெல்லாம் சிவப்பாகக் காய்ந்து போய், மேலே ஈ மொய்த்துக்கொண்டு. அம்மா அதைப் பார்த்தாள்.  அன்றைக்கு அவள் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை.

உறவு சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது இன்னொரு சட்டம். எல்லோருக்கும் அப்பா சாமி ஒருவரே. பெற்ற தகப்பனை, மற்ற ஆண்களைக் கூப்பிடுவதுபோல 'ஐயா' என்றுதான் கூப்பிட வேண்டும். புருஷனும் பெண்சாதியும் வெள்ளிக்கிழமை பூசை முடிந்தபிறகு கொஞ்ச நேரம், நாலு பேர் பார்க்கப் பேசிக்கொள்ளலாம். தண்ணீர்க் குடத்தோடு போகும் அப்பாவைப் பார்த்து முதல் வாரம் "அப்பா" என்று கத்தினேன். திரும்பவே இல்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் விறைத்தது.

நீங்கள் சொல்லும் அந்த ஒற்றுமையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சாதியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது உண்மைதான். வத்தல்மலையிலிருந்து வந்தவர்களும், எங்களைப் போன்ற குடியானவர்களும், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்களும் தோளோடு தோள் உரச உட்கார்ந்தோம். வேறெங்கும் அப்போது அது நடக்காது. ஆனால் எதைச் சாப்பிட்டோம்? புழுத்த கேழ்வரகில் கிண்டிய களி. பிட்டால் உள்ளே வண்டின் கால் கறுப்பாகத் தெரியும். அதற்கு ஊற்றும் குழம்பு அண்டாவில், சாமி நெய்ச்சோறு சாப்பிட்டு மிச்சம் வைத்த இலையை வழித்துப் போட்டுக் கலக்குவார்கள். 'சேஷம்' என்று அதற்குப் பெயர். ஒருநாள் என் பங்கில் மென்று துப்பிய முருங்கைச் சக்கை வந்தது. பக்கத்திலிருந்த கிழவி என்னைப் பொறாமையோடு பார்த்தாள். "குடுத்து வச்சவ பாப்பா நீ" என்றாள்.

பெண்கள் கொட்டகையில் காயாத துணியின் புளித்த நாற்றம் எந்நேரமும் அடிக்கும். பாயை உதறினால் மூட்டைப் பூச்சி உதிரும். நசுக்கினால் விரலில் வரும் அந்த வாடை இப்போதும் சில சமயம் கொத்துமல்லித் தழையை முகரும்போது வந்துவிடுகிறது. இதையெல்லாம்கூட நான் மன்னித்துவிடுவேன். ஏழைகள் கூடி வாழும் இடம் அப்படித்தான் இருக்கும். மன்னிக்க முடியாதது தாம்பூலம்.

காலைப் பூசை முடிந்ததும் சாமி பலகையில் சாய்ந்து வெற்றிலை போடுவார். நாங்கள் வரிசையில் போக வேண்டும். வலது கையை நீட்டினால் மென்றதில் ஒரு துளியை உள்ளங்கையில் துப்புவார். பெரியவர்களுக்குக் கையில். பிள்ளைகளுக்கு நேராக வாயில். கிட்டே போனால் கிராம்பு வாசனை வரும், அதற்கு அடியில் அழுகின ஈறின் நாற்றம் வரும். அவர் உதட்டிலிருந்து சிவப்பாக ஒரு நூல் இறங்கி, அறுந்து, மோவாயில் ஒட்டும். வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பைச் சொல்லத்தான் எனக்கு வார்த்தை இல்லை.

முதல் நாள் அம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய், தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "நீ முழுங்காத கண்ணு. கன்னத்துல அடக்கிக்க. ஆமணக்குச் செடிக்குப் பின்னால வந்து துப்பிரு. ஆருகிட்டயும் சொல்லாத."

தினமும் அப்படித்தான் செய்தேன்.

சித்திரையில் வெயில் ஏற ஏறக் கிணறு வற்றியது. அடியில் முழங்கால் அளவு கலங்கல் தண்ணீர். முதலில் நோயில் விழுந்தவர் களி கிண்டும் வத்தல்மலைக்காரர். ஆள் உயரத் துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அடுப்பு மேட்டில் ஏறி நின்று கிண்டுவார். பேச்சு குறைவு. யாருக்கும் தெரியாமல் எனக்கு மலை நெல்லிக்காய் இரண்டு கொடுத்தவர். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவர் அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டார். பிள்ளைகளிடம், "அவரு மலைக்குப் போயிட்டாரு" என்றார்கள். நான் நம்பினேன். அவர் வேட்டியையும் பாயையும் கிணற்றடியில் யாரோ துவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தும் நம்பினேன்.

அடுத்த வாரத்தில் இன்னும் நாலு பேர். வாந்திபேதி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. அந்த நாட்களில்தான் ஒரு நாள் கூண்டு வண்டியில் சாமி அரூருக்குப் போய் வந்தார், ஒரு பக்தர் வீட்டுப் பூசைக்கு என்றார்கள். திரும்பி வந்தபிறகு இரண்டு நாள் வெளியே வரவில்லை. அவருக்கு இடது தோள் வீங்கியிருக்கிறது, நம் பாவத்தையெல்லாம் அந்தத் தோளில்தான் சுமக்கிறார் என்று காரியஸ்தர் சொன்னார். பெண்கள் அழுதார்கள். அதற்குப் பிறகு சாமி இளநீர் மட்டுமே குடித்தார். அதற்கும் ஏதோ ஒரு விரதம் என்றார்கள்.

மூன்றாம் நாள் வெளியே வந்தவர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "இந்த மடத்துல ஆரோ பிரசாதத்தை அவமானப்படுத்தி இருக்கீங்க. அதுதான் இப்படி அடிக்குது. ஆரு?"

 நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா எழுந்தார்.

"எங்க புள்ளதாங்க சாமி. ஆமணக்குச் செடிகிட்டத் துப்பறத நானே பார்த்தேனுங்க."

என்றைக்குப் பார்த்தாரோ தெரியாது. பார்த்துவிட்டு எத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தாரோ. அந்தக் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. ஒரு பிள்ளையை ஏற்கெனவே பறிகொடுத்தவருக்கு, இன்னொன்றைக் காப்பாற்ற இதுதான் வழி என்று தோன்றியிருக்கும். இப்போது எனக்கு அது புரிகிறது. 

தண்டனை என்ன தெரியுமா? பந்தி முடிந்து கை கழுவும் குழிக்குள் மூன்று நாள் நான் உட்கார வேண்டும். சாப்பிட்டு எழுந்தவர்கள் என் தலைமேல் கை கழுவ வேண்டும். இரண்டு வேளை. உங்களில் சிலரும் கழுவினீர்கள், சின்னப் பிள்ளைகள், உங்கள்மேல் குற்றம் இல்லை. களிப் பசையும் குழம்பும் முடியில் காய்ந்து ஓடுபோல ஆகிவிட்டன. காதுக்குள் ஈ. அப்பாவும் வரிசையில் வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கை கழுவினார். அம்மா வரவில்லை. அந்த மூன்று நாளும் அவள் சாப்பிடவே இல்லை. சாப்பிடாதவள் கை கழுவ வேண்டியதில்லை. 

குழிக்குள் உட்கார்ந்திருந்ததால் ஒன்றைக் கவனித்தேன். குழி நிரம்பியதும் தண்ணீர் எங்கேயும் தேங்கவில்லை. பின்பக்கச் சுவரில் கல் பெயர்ந்த இடம் வழியாகக் கசிந்து, நேராகப் படிக்கிணற்றுக்குள் இறங்கியது. நோயாளிகளின் துணியை அலசிய தண்ணீரும் அதே வழியாகத்தான் போனது. சமையற்கட்டைப் பார்த்துக்கொண்ட கன்னடக்கார அம்மாளிடம் சொன்னேன்.

"அம்மா, இந்த அழுக்குத் தண்ணியெல்லாம் கெணத்துக்குள்ளதாங்க போவுது."

அவள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, முகத்தில் பார்த்தேன். உதட்டின்மேல் விரலை வைத்து, "சும்னிரு" என்றாள். சும்மா இரு என்று அவர்கள் பாஷையில். பிறகு அதே கிணற்றில் குடத்தை முக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் காலையில் அம்மாவும் வாந்திபேதியில் விழுந்தாள். மூன்று நாள் வெறும் வயிறு, தாங்கவில்லை. மத்தியானத்துக்குள் கண் குழிந்து, கை விரல் நுனியெல்லாம் வண்ணார் கைபோலச் சுருங்கிவிட்டது. தண்ணீர் கேட்டாள். கொடுத்தார்கள், அந்தக் கிணற்றுத் தண்ணீரில் சாமியின் காலைக் கழுவி.

மறுநாள் காலையில் ஒரு ஆள் ஓடிவந்து காரியஸ்தரிடம் ஏதோ சொன்னார். ஊரிலிருந்து தகவல் போய், சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறாராம். உடனே எல்லாம் பரபரவென்று நடந்தது. கொட்டகைகளில் கிடந்த நோயாளிகளைப் பாயோடு தூக்கித் தானிய அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டு வெளியே பூட்டினார்கள். அம்மாவின் பாயின் ஒரு முனையைத் தூக்கியவர் அப்பா. சாணம் தெளித்தார்கள். சாம்பிராணி போட்டார்கள். மிச்சம் இருந்தவர்களை முற்றத்தில் உட்காரவைத்து, "சத்தமாப் பாடுங்க. வாய் தொறக்காதவன் மடத்துக்குத் துரோகி" என்றார் காரியஸ்தர். தாளத்தை அடித்து, தொண்டை கிழியப் பாடினோம். எதற்கு என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. உள்ளே முனகுவது வெளியே கேட்கக்கூடாது.

இன்ஸ்பெக்டர் காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்ட இளவயசுக்காரர். கேரியரில் ஒரு தோல் பெட்டி. வியர்த்துக் கொட்டியது. சாமியைக் கண்டதும் கும்பிட்டார்.

"இங்க ஆருக்காச்சும் வாந்திபேதி இருக்குதுங்களா?"

"சாமி புண்ணியத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லீங்க" என்றார் காரியஸ்தர்.

நான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு நல்ல குரல். அறுப்புக் காலத்தில் ஊரே நின்று கேட்கும். "அப்பா" என்று கூப்பிட்டேன். "அப்பா, அம்மா உள்ள இருக்காங்க." அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே குரலை இன்னும் ஏற்றினார்.

இன்ஸ்பெக்டர் சைக்கிளைத் திருப்பிவிட்டார். அப்போதுதான் எழுந்து ஓடினேன். யாரோ என் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள், கிழிந்தது. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எங்கம்மா அந்த ரூம்புல கெடக்கறாங்க சார். பூட்டி வச்சிருக்காங்க" என்றேன்.

பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது.

பூட்டை அவர் கல்லால் அடித்து உடைத்தார். கதவு திறந்ததும் வந்த நாற்றத்தில் இரண்டடி பின்வாங்கித் தொப்பியை மூக்கில் வைத்துக்கொண்டார். உள்ளே ஒன்பது பேர். கேழ்வரகு மூட்டைகளுக்கு நடுவில், ஒருவர் கழிந்ததில் இன்னொருவர். இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஒருத்தியின் வாயில் ஈ போய்ப் போய் வந்தது. அம்மா கதவுக்குக் கிட்டத்திலேயே, நகத்தால் கதவைப் பிறாண்டின நிலையில் கிடந்தாள். கண் அசைந்தது.

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.  சாமியைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஏங்க, போன வாரம் அரூருக்கு வந்து என் கையாலதான வாந்திபேதி ஊசி போட்டுக்கிட்டுப் போனீங்க? உங்க ஆளுங்களையும் அனுப்பி வைங்க, காசு கெடையாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே?"

 சாமி காவித் துண்டை இடது தோளின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். அவ்வளவு பேரும் அந்தத் தோளைப் பார்த்தோம். இனி என்ன நடக்கும்? ஒருவராவது கல்லை எடுப்பார் என்று நினைத்தேன். பத்து வயசுக்கு அவ்வளவுதான் தெரியும்.

முதலில் பேசியவர் அப்பா. கைகூப்பிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழியச் சொன்னார்: "நம்ம எல்லாருக்குமாச் சேர்த்து, சாமி ஒருத்தரே அந்த ஊசியத் தாங்கிக்கிட்டாருங்க."

"ஆமா, ஆமா" என்றது கூட்டம். யாரோ தாளத்தை எடுத்தார்கள். மறுபடியும் பாட ஆரம்பித்தார்கள். திறந்த கதவுக்கு முன்னால், அந்த நாற்றத்தில், பாடினார்கள். வெற்றிலை எச்சிலைக்கூட நான் மறந்துவிடுவேன். அந்தப் பாட்டை மறக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் ஊருக்குள் ஓடி இரண்டு வண்டி பிடித்து வந்தார். ஏழு பேரை அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வண்டியில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியிலேயே ஒருவர் போய்விட்டார். அம்மாவுக்கு நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பேச்சு வந்தது. காரிமங்கலத்திலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி ஆயா என் தலையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்து மொட்டையாக வெட்டிவிட்டாள்.

ஆறாம் நாள் அப்பா நடந்தே வந்தார். கால் முழுக்கப் புழுதி. வார்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோலப் பார்த்தார். மாமா எழுந்து வெளியே போய்விட்டார், அடித்துவிடுவோமோ என்ற பயத்தில்.

அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "ஒடம்பு தேவலையா? சாமி உன்னைய மன்னிச்சிட்டாரு. கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு" என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள். குரல் இன்னும் சரியாக வரவில்லை.

"நான் உள்ள இருந்து உங்களப் பேரு சொல்லிக் கூப்புட்டேனுங்க. கட்டுன நாள்ல இருந்து சொல்லாத பேரு. நீங்க பாடுனது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான் கூப்புட்டது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

அப்பா தலை குனிந்துகொண்டார். கட்டில் கம்பியை விரலால் தடவினார்.

"கேட்டுச்சு" என்றார்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.  அப்பா போய்விட்டார். மடத்துக்குத்தான். கடைசிவரை அங்கேயே தண்ணீர் சுமந்தார் என்று கேள்வி.

நாங்கள் மாமா வீட்டில் இருந்தோம். அம்மா களை எடுத்தாள், மாடு வைத்துப் பால் ஊற்றினாள், என்னைக் கட்டிக் கொடுத்தாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த சமயம், குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே தானாக ஒரு தடவை சொன்னாள்:

"அன்னிக்கு 'கேக்கல'ன்னு ஒரு பொய் சொல்லியிருந்தார்னா, நான் கூடவே போயிருப்பேன்டி."